ஜிப்சிக்குள் ஒரு சாமான் கூண்டு: முதல்முறை வெல்டிங் பிடிப்பவர்களுக்கு

என் முதல் கூண்டை வீட்டு வாசலில் வைத்தே முழுசாகப் பற்றவைத்தேன். பெயின்ட் அடித்துக் காயவும் வைத்தேன். பிறகு நண்பர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு ஜிப்சியின் பின்கதவு வழியாக உள்ளே தள்ளினோம். போகவில்லை. வண்டிக்குள்ளே அகலத்தை மூன்று முறை அளந்திருந்தேன், கதவுச் சட்டத்தை மட்டும் ஒருமுறைகூட அளக்கவில்லை. மூன்று விரல் அளவு இடித்தது. அந்தக் கூண்டு இப்போது கோழிகளுக்குப் பயன்படுகிறது.

இரண்டாவது கூண்டு மூன்று வருடமாக வண்டியில் இருக்கிறது. அதைச் செய்த வழியைத்தான் எழுதுகிறேன். வண்டி மாருதி ஜிப்சி, ஹார்டு டாப், பின்பக்கம் எதிரெதிராக இருக்கும் பெஞ்சு சீட்டைக் கழற்றிய இடம். மஹிந்திரா ஜீப்போ பழைய தாரோ வைத்திருந்தாலும் முறை இதேதான், அளவுதான் மாறும்.

இந்தக் கூண்டு எதற்கு? காட்டுப் பாதையில் ஜாக்கி, டூல் பெட்டி, தண்ணீர் கேன், கயிறு, ஸ்டவ் எல்லாம் பின்னால் கிடந்து உருளும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஆளே அங்கே உருளுவார். சாமான் எம்மாத்திரம்? உருளுவதுகூடப் பரவாயில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பின்னால் சும்மா வைத்திருந்த 20 கிலோ டூல் பெட்டி கிட்டத்தட்ட 400 கிலோ விசையோடு உங்கள் முதுகுக்கு வரும். கூண்டு அதைத் தடுக்கத்தான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்டி புரண்டால் ஆளைக் காப்பாற்றுகிற ரோல் கேஜ் வேறு, இது வேறு. அதற்கான குழாய் வேறு, வளைக்கிற முறை வேறு, அது வீட்டு வாசலில் செய்கிற வேலையும் இல்லை. இது சாமானுக்கான கூண்டு. இதற்குள்ளேயோ இதன் மேலேயோ ஆள் உட்காரக் கூடாது.

அளவு

முதலில் கதவுத் திறப்பின் மிகக் குறுகிய இடம். கீல், பூட்டு நாக்கு, ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து அளந்து, அதில் இரண்டு சென்டிமீட்டர் கழியுங்கள். அடுத்து இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவிலான அகலம். அப்புறம் முன்சீட்டை உங்களுக்கு வசதியான அளவுக்குப் பின்னால் தள்ளிச் சாய்த்துவிட்டு, அதற்கும் கூண்டுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உயரம் சீட்டின் தோள்மட்டத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது. பாரமும் மேலே ஏறும், சரிவில் வண்டி சாய்வதற்கு அது போதும்.

அளந்த பிறகு இரும்புக் கடைக்கு ஓடாதீர்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அதே அளவில் ஒரு அட்டைக் கூண்டு செய்யுங்கள். வண்டிக்குள் வைத்து, எடுத்துப் போகப் போகிற சாமானை உண்மையிலேயே அடுக்கிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்பார். நான் இதையும் செய்யவில்லை. உயரம் 45 சென்டிமீட்டர் வைத்துவிட்டேன். கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் அதைவிடச் சற்று உயரம். இன்று வரை படுக்கவைத்துத்தான் கொண்டுபோகிறேன்.

என் கூண்டு நீளம் 90, அகலம் 80, உயரம் 45. இனி வரும் கணக்கெல்லாம் இதற்குத்தான்.

எந்த இரும்பு

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: கனமான இரும்பு வாங்குவது. என் கோழிக்கூண்டு 40 × 40 × 5 மில்லிமீட்டர் ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) செய்தது. அந்த ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அத்தனை இரும்பு தேவையே இல்லை.

25 × 25 எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ஸ்கொயர் பைப், 2 மில்லிமீட்டர் கனம் வாங்குங்கள். கடையில் ‘ஒரு இஞ்ச், 14 கேஜ்’ என்று கேட்டால் தருவார்கள். மீட்டருக்கு 1.4 கிலோதான் வரும். 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர், வலுவுக்குப் போதும். ஆனால் கை பழகாதவர் வெல்டு வைத்தால் பொத்துக்கொண்டு போகும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப் வேண்டாம். அதன் மேல்பூச்சான துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும்.

கீழ்ச் சட்டம் 3.4 மீட்டர், மேல் சட்டம் அதே 3.4, நாலு கால் 1.8, அடியில் குறுக்கே இரண்டு 1.6, முன்பக்கம் நேர்க்கம்பி இரண்டு 0.9, கதவுச் சட்டம் 2.5. மொத்தம் 13.6 மீட்டர், 19 கிலோ. பைப் 20 அடி நீளத்தில் வரும். மூன்று வாங்கினால் பழகுவதற்கும் துண்டு மிஞ்சும். வலைக்கு இரண்டு இஞ்ச் கட்டம் போட்ட, 3 மில்லிமீட்டர் கம்பி வெல்டு மெஷ். இரண்டேகால் சதுரமீட்டருக்கு 5 கிலோ. அடித்தளத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் 6 கிலோவுக்குள் முடியும். செக்கர்டு தகடு (வழுக்காமலிருக்க மேலே புடைப்பு வைத்த இரும்புத் தகடு) போட ஆசை வரும், பார்க்க லாரி மாதிரி கெத்தாக இருக்கும். 3 மில்லிமீட்டர் தகடே 20 கிலோ ஆகிவிடும், வேண்டாம். கீல், போல்ட் எல்லாம் சேர்த்து என் கூண்டு 32 கிலோ.

ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் ஆள், சாமான், கூண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைக்கும் எடை. கூண்டின் எடையில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் சாமானில் குறைக்க வேண்டிய கிலோ.

கருவியும் உடம்பும்

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், 4 இஞ்ச் கிரைண்டர் (கடையில் ஏஜி-4 என்பார்கள்), மூலைமட்டம், டேப், நாலு சி-கிளாம்ப், டிரில், கம்பி பிரஷ், கசடு (வெல்டின் மேல் படியும் கறுப்பு ஓடு) தட்டுகிற சுத்தியல். மெஷினைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு மெஷினில் வைக்கிற அளவு 75 ஆம்பியர் தாண்டாது. அது மெஷினிலிருந்து வெளியே வருகிற மின்சாரம், பிளக்கிலிருந்து இழுப்பது அதைவிட மிகக் குறைவு, வீட்டு 16 ஆம்பியர் பிளக்கே தாங்கும். ஏ.சி.க்குப் போட்ட பாயின்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் வயர் சுடும், ஆர்க்கும் (இரும்பை உருக்குகிற மின்பொறி) சரியாக வராது.

நம் ஊர்ப் பட்டறைகளில் லுங்கியும் ரப்பர் செருப்புமாக, கூலிங் கிளாஸ் போட்டு வெல்டு வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கைத்திறமைக்கு ஒரு கும்பிடு. அதில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ, தோல் கையுறை. பாலியஸ்டர் துணி பொறிபட்டால் உருகித் தோலில் ஒட்டும். முகத்துக்கு 10 அல்லது 11-ம் நம்பர் கண்ணாடி போட்ட ஷீல்டு. வெறும் கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரியும். உருளைக்கிழங்கு வை, தாய்ப்பால் விடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் வைக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். வேடிக்கை பார்க்கிற குழந்தைகளுக்கும் இது நேரும், அதனால் அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

கிரைண்டர் சக்கரத்தை மூடியிருக்கிற தடுப்பைக் கழற்றாதீர்கள். கட்டிங் வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். பறக்கும் பொறி கார் கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது.

கை பழக ஒரு நாள்

6013 ராடு (உருகி வெல்டாகிற கம்பி), 2.5 மில்லிமீட்டர். ஆம்பியர் 65-இல் தொடங்குங்கள். ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஐந்து கூட்டுங்கள், பைப் பொத்தால் ஐந்து குறையுங்கள். மழைக்காலத்தில் ராடு ஈரம் குடித்திருக்கும். அன்று சாமி வந்தாலும் வெல்டு வராது, நல்ல வெயிலிலாவது காயவைத்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடை உரசிப் பற்றவைத்து, ராடு நுனிக்கும் இரும்புக்கும் ராடின் கனம் அளவே இடைவெளி வைத்து நகர்த்த வேண்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள். எண்ணெயில் வடை வேகிற சத்தம் சீராக வந்தால் சரி. பட் பட் என்று வெடித்தால் இடைவெளி அதிகம். ஒளியைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகி நிற்கிற இரும்புக் குளத்தைப் பாருங்கள். எங்கே போகிறோம் என்பது அதில்தான் தெரியும். இது புரிய எனக்கு ஒரு பாக்கெட் ராடு செலவானது.

இரண்டு துண்டுப் பைப்பை டி மாதிரி ஒட்டி, வைஸில் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். பைப் வளைந்து வெல்டு நின்றால் தேறிவிட்டீர்கள். வெல்டு அப்படியே பெயர்ந்து வந்தால் மேலே ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. இதில் தேறாமல் கூண்டில் கை வைக்காதீர்கள்.

வெட்டு, புள்ளி வை, அப்புறம் பற்றவை

பைப்பை வெட்டும்போது ஒரே அளவுள்ள துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றோடொன்று சரிபாருங்கள். டேப்பை நம்புவதைவிட இது மேல். மூலையை 45 பாகையில் வெட்டினால் அழகுதான். ஆனால் முதல்முறை என்றால் நேராக வெட்டி முட்டக்கொடுங்கள், இடைவெளி கம்மியாக வரும். வெட்டிய வாய்களைத் தேய்த்து, அரை இஞ்சுக்குத் துருவும் எண்ணெயும் இல்லாமல் பளபளப்பாக்குங்கள்.

சமதளமான தரையில் முதலில் கீழ்ச் சட்டத்தை அடுக்கி, மூலைக்கு ஒரு புள்ளி (தற்காலிகமாகப் பிடிக்கிற சின்ன வெல்டு) மட்டும் வையுங்கள். இப்போது இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 90-க்கு 80 சட்டத்தில் இரண்டும் 120.4 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று 121, இன்னொன்று 120 என்றால் சட்டம் கோணியிருக்கிறது. நீளமான மூலைவிட்டத்தின் ஒரு முனையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும், ஒரு புள்ளி வெல்டு அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும். முழுசாகப் பற்றவைத்த பிறகு கோணல் தெரிந்தால் கிரைண்டர்தான் கதி. மேல் சட்டமும் இப்படியே. நாலு காலை நிறுத்திய பிறகு பக்கவாட்டிலும் பாருங்கள், அங்கே மூலைவிட்டம் 100.6.

முழுக்கூண்டும் புள்ளிகளில் நிற்கும்போதே வண்டிக்குள் ஒருமுறை ஏற்றி இறக்கிவிடுங்கள். (கோழிகள் நினைவிருக்கட்டும்.)

இனி முழு வெல்டு. இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால், கடைசியில் கூண்டு மூன்று காலில் நிற்கும். அதனால் ஒரு மூலையில் ஒரு பக்கம் மட்டும், அப்புறம் அதற்கு எதிர்மூலை, அப்புறம் மேலே, அப்புறம் கீழே என்று தாவித் தாவி வையுங்கள். நின்ற வாக்கிலோ தலைக்கு மேலோ வைக்க வேண்டாம். கூண்டைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் எல்லா இடமும் படுத்த வெல்டாகிவிடும். 32 கிலோவாக இருப்பதன் பலன் இது. கசடைத் தட்டிப் பார்த்து, ஓட்டை ஒடிசல் தெரிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள். கசடின் மேலேயே இன்னொரு வெல்டு வைத்தால் உள்ளே பொத்தலாகவே இருக்கும். எட்டு மூலைக்கும் 3 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு இஞ்ச் முக்கோணம் வெட்டி உட்புறம் வைத்துவிட்டால் கூண்டு ஆடாது.

கடையில் கிடைக்கும் வெல்டு மெஷ் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சோடு வரும். ஒட்டுகிற முனைகளைத் தேய்த்து, திறந்தவெளியில், காற்று முதுகில் படும்படி நின்று வையுங்கள். ராடைப் பைப்பின் மேல் காட்டி, உருகிய இரும்பு கம்பியை நனைக்கும்படி இழுக்க வேண்டும். நேரே கம்பியில் காட்டினால் கம்பி மெழுகு மாதிரி காணாமல் போகும். ஒன்றுவிட்டு ஒரு கம்பி ஒட்டினால் போதும். கதவைக் கீழ்ப்பக்கம் கீல் வைத்துக் கீழ்நோக்கித் திறக்கும்படி செய்யுங்கள், சமைக்கிற இடத்தில் அதுவே மேஜையாகிவிடும். தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் வேண்டும்.

போல்ட்

வெல்டிங்கில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட இந்த வேலையில் காட்டாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூண்டு பாறை மாதிரி இருக்கும். அதைத் தரையோடு பிடித்திருப்பது நாலு ஸ்க்ரூ. மோதினால் சாமானோடு கூண்டும் சேர்ந்து முன்னால் வரும், 32 கிலோ கூடுதலாக.

8.8 என்று தலையில் பொறித்த எம்-10 (10 மில்லிமீட்டர்) போல்ட் ஒன்று மூன்று டன் இழுவையைத் தாங்கும். ஆனால் வண்டித் தரைத் தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். போல்ட் அறுவதற்கு எத்தனையோ முன்பே தகடு கிழிந்து, போல்ட் வாஷரோடு உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் தரைக்கு அடியில், ஒவ்வொரு போல்ட்டுக்கும் 75 × 75 மில்லிமீட்டரில் 4 மில்லிமீட்டர் தகடு ஒன்று கொடுங்கள். இழுவை அந்த அகலம் முழுக்கப் பரவும். முடிந்தவரை புதுத் துளை போடாமல், கழற்றிய பெஞ்சு சீட்டின் துளைகளையே பயன்படுத்துங்கள். அவை ஆள் உட்காருகிற இடம், கம்பெனியே வலுப்படுத்தி வைத்திருக்கும். நான் ஆறு போல்ட் போட்டிருக்கிறேன். நாலு சீட்டின் துளையில், இரண்டு மட்டும் புதிது.

புதுத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கத் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. இதே காரணத்துக்காகத்தான் கூண்டை வண்டிக்குள் வைத்து ஒரு புள்ளிகூட வெல்டு வைக்கக் கூடாது என்கிறேன். சின்னத் திருத்தமாக இருந்தாலும் வெளியே இறக்கிச் செய்யுங்கள்.

பைப்பின் ஊடே துளைபோட்டு போல்ட்டை இறுக்கினால் பைப் நசுங்கும். நசுங்கிய பைப்பில் போல்ட் தளரும். கீழ்ச் சட்டத்தின் வெளிப்புறம் 40 × 6 பட்டையில் காது மாதிரி துண்டுகள் பற்றவைத்து, போல்ட்டை அந்தக் காது வழியாக இறக்குங்கள். நட்டு நைலாக் வகையாக (உள்ளே நைலான் வளையம் வைத்தது, அதிர்வில் கழலாது) இருக்கட்டும். காதுக்கும் தரைக்கும் நடுவில் பழைய லாரி டியூப்பை வெட்டி வைத்தால் சத்தம் வராது. துளையைச் சுற்றி சிலிக்கான் பூசிவிட்டால் ஆற்றைக் கடக்கும்போது அடியிலிருந்து தண்ணீர் ஏறாது.

கூண்டை எளிதாகக் கழற்றுகிற மாதிரி செய்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. சீட்டு எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது. 15 வருடம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது பெஞ்சு அதன் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு 17-ம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் என் கூண்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடும். பெஞ்சைக் காயலாங்கடையில் போட்டுவிடாமல் பரணில் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பெயின்டும் முதல் ஓட்டமும்

தின்னரில் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். பைப்பின் திறந்த வாய்களை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். பிளைவுட்டின் ஓரங்களுக்கும் பெயின்ட் வேண்டும், தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

கனமானதைக் கீழே, முன்சீட்டை ஒட்டி அடுக்குங்கள். லேசானது மேலே, கதவுப் பக்கம். கூண்டு இருக்கிறதே என்று உள்ளே சாமானை அவிழ்த்துப் போடாமல் ஒரு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். பெட்ரோல் கேனை மட்டும் இதற்குள் வைக்காதீர்கள். மூடிய ஹார்டு டாப்புக்குள் அதன் ஆவி நிற்கும்.

ஒவ்வொரு நட்டிலும் தரையிலுமாகச் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஏரிக்கரை மண்பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். இறங்கிப் பார்த்து, கோடு எங்கே உடைந்திருக்கிறதோ அந்த நட்டை மட்டும் இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. எனக்கு இரண்டு நட்டு நகர்ந்திருந்தன, இரண்டுமே புதுத் துளையில் போட்டவை. அவற்றுக்கு அடித்தகட்டைப் பெரிதாக்கியதும் நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் ஒரு கடகட சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் போல்ட் போல்ட்டாகத் தடவிப் பார்த்தேன். கடைசியில் தாழ்ப்பாளின் நாக்குதான் ஆடிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன்.